தம்பிக்கு அனுப்பின சிடி

கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்காவ. சுத்தப் பேத்தல் அண்ணாச்சி. என் வீட்டுல இருந்த கம்ப்யூட்டர் ஒரு குடும்பத்தையே பேச்சுவார்த்தை இல்லாம ஆக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி மூலையில உக்காந்திருந்துச்சு பாத்துக்கிடுங்க. திருவனந்தபுரம்தானே போறீய? அப்பம் பஸ்ல நேரம் கிடக்கு. கேளுங்க. கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

நான் டெலிபோன்ஸ்ல இருந்தவன். என் பேரு ஆவுடையப்பன். ஆபீஸ்ல எந்த லைன் செத்தாலும் "கூப்பிடு ஆவுடையப்பன"ம்பாவ. ரிட்டயர் ஆயாச்சு. இப்பம் ஏர்போர்ட்டுக்குப் போறேன். என் தம்பி கோமதிநாயகம் கத்தார்ல இருந்து வாறான். ஒரேயடியா வாறான், இனிப் போகமாட்டான். அங்க ஒரு கம்பெனி கேம்ப்ல சமையல்காரன். அவன் பொஞ்சாதி, பிள்ளை பள்ளிக்கூடம் படிக்கையிலேயே தவறிட்டா. ஒரே பொண்ணு, காந்திமதி. பாப்பாம்போம். அவன் வெளிநாட்டுக்குப் போயிட்டான், பாப்பாவ நானும் என் வீட்டுக்காரி செண்பகமும் வளத்தோம். சோறு போட்டது நான், காய்ச்சல்னா தூக்கிட்டு ஓடுனது நான், மாப்பிள்ளை பாத்தது நான். இதை எதுக்குச் சொல்லுதேன்னா, சும்மா சொல்லுதேன்.

கல்யாணம் முடிவாச்சு. தம்பி வாறேன்னு சொல்லியிருந்தான். பத்திரிகை அடிச்சு, எல்லாருக்கும் வச்சு முடிச்சப்புறம் போன் போடுதான், "அண்ணே, லீவு இல்லைன்னுட்டான்"னு. பாப்பா என் கையில இருந்து ரிசீவரைப் பிடுங்குனா. "நீ வரலைன்னா எனக்கு அப்பனே கிடையாது, இனிமே போன் பண்ணாத"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அதுக்கப்புறம் அவன் எத்தனை தடவை கூப்பிட்டான் தெரியுமா? போன் மணி அடிச்சா இவ எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிருவா. அவன் அந்தப் பக்கம் "பாப்பா இருக்காளாண்ணே"ம்பான். நான் "குளிக்கா"ம்பேன், "கோயிலுக்குப் போயிருக்கா"ம்பேன். எத்தனை பொய்தான் சொல்லுதது?

கல்யாணத்துல பொண்ணை மாப்பிள்ளை கையில பிடிச்சுக் குடுக்கணும்லா. தாரை வாக்கணும். அப்பன் நிக்கவேண்டிய இடத்துல நானும் செண்பகமும் நின்னோம். பட்டு வேட்டி, மேல அங்கவஸ்திரம். டெலிபோன்ஸ்ல இருந்து எல்லாரும் வந்திருந்தாவ. "ஆவுடையப்பன் சொந்த மகளுக்குக் கூட இப்படிச் செய்யமாட்டான்"னு என் காதுபடவே சொன்னாவ. வீடியோவுல பாருங்க, அந்த இடத்துல என் கண்ணு கலங்கியிருக்கும். டேனியல் அருமையா எடுத்திருந்தான்.

டேனியல்ங்கது வீடியோக்காரன். பாளையங்கோட்டையில ஸ்டுடியோ வச்சிருக்கான். கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி ஒரு சிடிக்குள்ள அடங்குத மாதிரி சுருக்கி, என் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தான். கம்ப்யூட்டர் என் மகன் பெங்களூருக்குப் போகையில விட்டுட்டுப் போனது. டேனியல் சொன்னான், "அண்ணாச்சி, நானே சிடி ரைட் பண்ணிக் குடுத்திருதேனே"ன்னு. நான் விடல. ஏ, டெலிபோன்ஸ்ல இருந்தவன் ஒரு சிடி ரைட் பண்ண ஸ்டுடியோவுக்குப் போய் நிக்கணுமா? "நீ ஏத்திக் குடு, மிச்சம் நான் பாத்துக்கிடுதேன்"னுட்டேன்.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, கடைசித் துண்டு மட்டும் தனி. பாப்பா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பி கார்ல ஏறி உக்காந்திருக்கா. மேளச்சத்தம். சனம் சுத்தி நிக்கி. டேனியல் கேமராவக் கொண்டு ஜன்னல் பக்கத்துல வச்சு, "அப்பாவுக்கு ஏதாவது சொல்லும்மா"ன்னுருக்கான். அவ பேசியிருக்கா. வெளிய நின்ன யாருக்கும் கேக்கல, கேமராவுக்குள்ள மட்டும்தான் விழுந்திருக்கு. மறுவீடு வந்திருக்கையில என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா, "பெரியப்பா, அது அப்பாவுக்கு மட்டும். மத்தவங்களுக்குக் குடுக்குற சிடியில அதைப் போடாதீங்க. அப்பா அதைப் பாக்கணும் பெரியப்பா, அது போதும் எனக்கு." அப்படியே சொல்லிட்டு மாப்பிள்ளையோட ஓசூருக்குப் போயிட்டா. அவருக்கு அங்க வேலை.

மேலப்பாளையத்துல நாசர்னு ஒரு பையன், தம்பி கேம்ப்லதான் வேலை பாக்கான். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போறான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சதும் வேன் கிளம்புது, போற வழியில நம்ம வீட்டு வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போயிருதேன்னான். செண்பகம் முறுக்கு, மாவடு, பருப்புப்பொடின்னு பொட்டலம் கட்டுதா. நான் வியாழக்கிழமை காலையில குளிச்சு, திருநீறு பூசிக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன்.

எந்தக் காரியமும் நான் பிள்ளையார் சுழி போடாமத் தொடங்குனது கிடையாது. லைன் ரிப்பேருக்குப் போனாக் கூட ஜங்ஷன் பெட்டிக் கதவுல ஒரு உனா போட்டுட்டுத்தான் ஸ்க்ரூவத் திருப்புவேன். புதுச் சிடிய உறையில இருந்து எடுத்தேன். மேல்பக்கத்துல, பார்வைக்கு உறுத்தாம நல்லா ஓரமா, பால்பாயிண்ட் பேனாவ வச்சு ஒரு உனா. வழவழன்னு இருக்கும்லா, மை பிடிக்காது. நாலஞ்சு தடவை அழுத்தி அழுத்தி எழுதுனாத்தான் நிக்கும். எழுதிட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள தள்ளுனேன்.

நல்லாத்தான் போச்சு. திரையில பச்சைக்கோடு ஒண்ணு நகந்துக்கிட்டே வரும். பாதி தாண்டுச்சு, முக்கால் தாண்டுச்சு. தொண்ணூறத் தாண்டுனதும் நான் செண்பகத்தைக் கூப்பிட்டேன், "வந்து பாரு"ன்னு. அவ கையத் துடைச்சுக்கிட்டு வாறா, கோடு நின்னுட்டு. ஒரு கட்டம் வந்து விழுது, சிவப்புல பெருக்கல் குறி போட்டு. ரைட் எரர். தட்டு தானா வெளிய வந்து நாக்க நீட்டுது.

சரி, சிடி சரியில்லைன்னு இன்னொண்ணு எடுத்தேன். சுழி போட்டேன். உள்ள தள்ளுனேன். அதே இடம். சொல்லி வச்சமாதிரி அதே இடம். கடைசித் துண்டுக்கு வரும், நின்னுரும். விட்டேனா நான்? வேகத்தைக் குறைச்சேன். ஓடிக்கிட்டிருந்த மத்ததையெல்லாம் மூடுனேன். வைரஸ் பாக்கதை நிறுத்துனேன். லென்ஸ்ல தூசி இருக்கும்னு காது குடையுற பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். சூடாகுதோன்னு பெட்டியத் திறந்துபோட்டு டேபிள் ஃபேனத் திருப்பி வச்சேன். கரண்ட் ஏறி இறங்குதோன்னு பிரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரைக் கழட்டி இதுக்கு மாட்டுனேன், பால் திரிஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் புதுச் சிடி, ஒவ்வொரு தடவையும் முறையாச் சுழி. ஒரு தடவை கூட அதுல குறை வைக்கல.

சாயங்காலம் கடைக்குப் போய் வேற கம்பெனி சிடி வாங்கிட்டு வந்தேன். அதுவும் அப்படியே.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் மனசு கேக்காம டேனியலுக்குப் போன் போட்டேன். உதவி கேக்கல, சும்மா விசாரிக்க மாதிரி. அவன் சொல்லுதான், "அண்ணாச்சி, சிடி உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிய பாத்து எழுதிக்கிட்டே போகும். எப்பவும் கடைசியில நிக்குன்னா வெளி ஓரத்துல ஏதாவது கீறல் இருக்கும், பாருங்க"ன்னு. புதுச் சிடியில எங்கவே கீறல் வரும்னு கேட்டேன். "அப்ப கொண்டாங்க, நான் போட்டுத் தாரேன்"னான். அந்தக் குரல்ல ஒரு சிரிப்பு இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு. வேண்டாம்னு வச்சுட்டேன்.

பக்கத்துல நின்ன செண்பகம் கேக்கா, "நீங்க பேனாவ வச்சு அந்த ஓரத்துல போட்டு அழுத்துதீங்களே, அதுனால இருக்குமோ?"

எனக்கு வந்த கோவத்துக்கு என்ன சொன்னேன்னே தெரியல. பிள்ளையாரக் குறை சொல்லுத அளவுக்கு வந்துட்டியான்னு கேட்டேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. பொம்பளைக்குக் கம்ப்யூட்டர்ல என்ன தெரியும் அண்ணாச்சி? சுழியால காரியம் கெட்டதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீயளா?

பத்து மணிக்குக் கரண்ட்ட நிறுத்திட்டான். வேர்த்து ஊத்துது. திரும்ப எப்பம் வரும்னு தெரியல. நான் வாசலுக்கும் ரூமுக்குமா நடக்கேன். கரண்ட் வந்தப்பம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாவ. கையில ரெண்டே சிடிதான் இருக்கு. ஒண்ண வச்சுப் பாத்தேன். தொண்ணூறு, தொண்ணூத்தி ஒண்ணு. நின்னுட்டு. கடைசிச் சிடியக் கையில எடுத்தேன். பாப்பா சொன்ன சொல்லு காதுல கேட்டுக்கிட்டே இருக்கு, "அப்பா அதைப் பாக்கணும்"னு. இதுவும் போச்சுன்னா என் தம்பிக்கு ஒண்ணுமே கிடைக்காது. ஒண்ணுமே.

நாசர் வேன் வந்து ஹாரன் அடிச்சுட்டு.

அப்பம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. கடைசியில நிக்குன்னா, பாரம் தாங்கல. கொஞ்சம் குறைச்சா ஏத்துக்கிடும். எதைக் குறைக்க? முதல்ல நான் வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சு எல்லாரையும் கும்பிட்டு வரவேக்கது. அதை எடுக்க முடியுமா? வீட்டுக்குப் பெரியவன் நிக்க இடம். அப்புறம் தாலி கட்டு, அதை எடுக்க முடியாது. தாரை வாக்கது, அது என் தம்பி கட்டாயம் பாக்கணும், அவன் இடத்துல நான் எப்படி நின்னேன்னு. அப்புறம் டெலிபோன்ஸ்காரவ வரிசையா மேடையேறி வாழ்த்துனது. என் தம்பிக்கு அவங்களைத் தெரியாதுதான். அதுக்காக எடுத்துர முடியுமா? பின்னால அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாவ?

மிச்சம் இருந்தது அந்தக் கடைசித் துண்டு. அதுவும் அழுகை அண்ணாச்சி. பாப்பா அழுதுக்கிட்டே பேசுதா. ஒரு மங்கல காரியத்தைக் கண்ணீர்லயா முடிக்கது? டெலிபோன்ஸ்காரவ வாழ்த்தோட முடிஞ்சா எவ்வளவு நிறைவா இருக்கும், நீங்களே யோசிங்க. தூரதேசத்துல தனியா இருக்கவன் அழுகையப் பாத்துட்டு என்ன பாடுபடுவான்? அவன் நல்லதுக்குத்தான். அதை மட்டும் எடுத்துவிட்டேன். இன்னொரு ஆளு போகையில தனியா ரைட் பண்ணி அனுப்பிக்கிடலாம்னு நினைச்சேன்.

சுழி போட்டேன். உள்ள தள்ளுனேன். வெளிய நாசர், "அண்ணாச்சி, இனி நிக்க முடியாது, பிளைட்டு போயிரும்"னு கத்துதான். செண்பகம் பொட்டலத்தைக் கொண்டு வேன்ல குடுத்துட்டு, "இந்தா வந்துட்டாவ, இந்தா வந்துட்டாவ"ங்கா. கோடு தொண்ணூறத் தாண்டுது. தாண்டி, போயிக்கிட்டே இருக்கு. நிக்கல. முடிஞ்சுட்டுன்னு கட்டம் வந்தப்பம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சுழி போட்டதுனாலதான் அதாவது நல்லபடியா முடிஞ்சுது. ஓடிப்போய்க் குடுத்தேன். செண்பகம் கேட்டா, "பாப்பா பேசுனது இருக்குலா?" நான், "எல்லாம் இருக்கு"ன்னேன். அந்த அவசரத்துல அவகிட்ட உக்காந்து விளக்க முடியுமா?

அடுத்த வாரம் தம்பி போன் போட்டான். கேம்ப்ல எல்லாருமா உக்காந்து பாத்தாவளாம். "அண்ணே, ஒரு குறை இல்லாமச் செஞ்சிருக்கே. நான் செத்தாலும் மறக்க மாட்டேன்"னு அழுதான். அப்புறம் மெதுவாக் கேக்கான், "பாப்பா எனக்குன்னு ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

நான் என்ன சொல்ல? ஆவுடையப்பனுக்கு ஒரு சிடி ரைட் பண்ணத் தெரியலைன்னு சொல்லவா? "கல்யாணக் கூட்டத்துல பிள்ளைக்கு என்னடே பேச வரும்"னேன். "சரிண்ணே"ன்னான். வச்சுட்டான்.

தனியா அனுப்பத்தான் இருந்தேன், சத்தியமா. ஆனா கம்ப்யூட்டரைக் குணப்படுத்தணும்லா முதல்ல. வைரஸ்தான் காரணம்னு எனக்கு உறுதியாயிட்டு. உள்ள இருந்த எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா ஏத்துனேன். துடைச்சப்புறம்தான் நினைப்பு வருது, அந்தத் துண்டும் அதோட போச்சேன்னு. டேனியல்கிட்ட ஓடுனேன். அவன் அந்த டேப்ல வேற கல்யாணம் எடுத்துட்டான். பாருங்க, எத்தனை பேரு சேந்து கெடுத்திருக்காவன்னு.

அந்த வாரமே பாப்பா ஓசூர்ல இருந்து போன் பண்ணுனா. ஒரே கேள்விதான். "பெரியப்பா, நான் பேசுனதை அப்பா பாத்தாங்களா?"

"பாத்தான்மா"ன்னேன். சிடியப் பாத்தான்லா அண்ணாச்சி, அது பொய்யில்லையே.

"என்ன சொன்னாங்க?"ன்னா.

"அழுதான்"னேன். அதுவும் பொய்யில்ல. அழத்தான் செஞ்சான்.

அதுக்கப்புறம் தீபாவளி வந்துச்சு, பொங்கல் வந்துச்சு, அவளுக்குப் பிள்ளை பிறந்துச்சு. அவ போன் பண்ணும்போதெல்லாம் முதல்ல, "அப்பா ஏதாவது சொன்னாங்களா"ம்பா. பிறகு பிறகு அதைக் கேக்கதை விட்டுட்டா. அவனும், "பாப்பா எப்படியிருக்கா"ன்னு மட்டும் கேப்பான், "நல்லாருக்கா"ம்பேன். அவ வீட்டு நம்பரை அவன் கேக்கவும் இல்ல, நான் குடுக்கவும் இல்ல. மக பேசமாட்டான்னு தெரிஞ்சும் எந்த அப்பன் நம்பர் கேப்பான்?

என்னது? பாப்பா என்ன பேசுனாளா? எனக்கு எழுத்து மாறாமத் தெரியும். எத்தனை தடவை ஓட்டிப் பாத்திருப்பேன், சரியா இருக்கான்னு. "அப்பா, அன்னைக்குப் போன்ல சொன்னதையெல்லாம் மனசுல வச்சுக்காத. கோவத்துல சொன்னேன். பெரியப்பாதான் என் கையப் பிடிச்சுக் குடுத்தாங்க. அப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன்பா, உன் கைன்னு நினைச்சுக்கிட்டேன். இதைப் பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடு. வேற யாரும் இல்ல, நானே எடுக்குறேன். நம்பர் பெரியப்பாகிட்ட இருக்கு." அவ்வளவுதான். அதுக்குள்ள கார் கிளம்பிருச்சு.

கண்ண மூடிக்கிட்டாளாம். நான் பட்டு வேட்டி கட்டி, கண்ணு கலங்கி நிக்கேன், அவ கண்ண மூடிக்கிட்டாளாம். வளத்தவன் கைக்கு அம்புட்டுதான் மதிப்பு. சரி, அதை விடுங்க. அதுக்காக நான் ஒண்ணும் எடுக்கல, இடம் பத்தாமத்தான் எடுத்தேன்.

போன வாரம் ஓசூருக்குப் போன் பண்ணுனேன், "அப்பா வாறான்மா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வா, சேந்து போவோம்"னு. "வரலை பெரியப்பா"ன்னா. "நான் அவ்வளவு கெஞ்சிச் சொன்னதைப் பாத்துட்டு ரெண்டு வருஷமா ஒரு போன் போட மனசு வரலைலா அவருக்கு. இனி எதுக்கு"ன்னா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அவனும் நேத்துப் பேசுகையில, "பாப்பாவைத் தொந்தரவு பண்ணாதண்ணே. அவளுக்கு நான் வேண்டாம்னா விட்டுரு"ங்கான். என்ன வைராக்கியம் பாத்தீயளா? அப்பனும் மகளும் ஒரே அச்சு. நடுவுல நான் ஒருத்தன் கிடந்து மாரடிக்கேன்.

ரெண்டு பேருல ஒருத்தராவது வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த வினையே இல்ல. என்ன அண்ணாச்சி, நான் சொல்லுதது சரிதானே? ஏன், எந்திரிச்சுட்டீய? நாகர்கோவில் கூட இன்னும் வரலையே. முன்னாலயா போறீய? அங்க வெயிலடிக்கும்.